மஸ்கட் மணி

ஜீப்பில் ஏறும்போது மற்றப் பெண்களெல்லாம் தூக்குவாளியைத்தான் முதலில் பத்திரப்படுத்துவார்கள். பொன்னுமணி மடியைப் பத்திரப்படுத்துவாள். ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மறு கையை இடுப்புக்கு அணை கொடுத்து, பின்பலகையின் ஓரத்தில் ஒடுங்கிக்கொள்வாள். சிலமலையில் கருக்கலோடு கிளம்புகிற ஜீப்பு அது. போடியில் இன்னும் கொஞ்சம் பேரை அள்ளித் திணித்துக்கொண்டு, முந்தல் தாண்டி ஏலமலைக்கு ஏறும். வண்டி கொள்ளுகிற ஆட்கள் பாதி, வண்டியைப் பிடித்துத் தொங்குகிற ஆட்கள் பாதி. வளைவுக்கு வளைவு ஒருத்தி மேல் ஒருத்தி சரிவார்கள். அப்போது எவள் முழங்கை வந்து தன் இடுப்பில் இடிக்குமோ என்பதுதான் பொன்னுமணியின் கவலை.

"ஏன் மதினி, உள்ள பிள்ளையா இருக்கு? இந்தப் பொத்துப் பொத்துறீக," என்பாள் பக்கத்து வீட்டு வீரலட்சுமி.

அந்தப் பேச்சு பொன்னுமணிக்குச் சுருக்கென்று தைக்கும். கல்யாணமான மறு வருசமே புருசன் மஸ்கட்டுக்குச் சாந்துச் சட்டி தூக்கப் போய்விட்டான். பிள்ளை என்ன, மேற்கே இருந்து காற்றிலா வரும்? ஆனாலும் வீரலட்சுமியைக் கோபித்துக்கொள்ள முடியாது. வாய் நீளமே தவிர மனசு வெள்ளை.

"பிள்ளைன்னே வச்சுக்கடி. நீ கொஞ்சம் தள்ளி உக்காரு," என்பாள்.

மடிக்குள் இருந்தது ஒரு விளையாட்டுப் பெட்டி. சீட்டுக்கட்டைவிடக் கொஞ்சம் நீளம், கனமே கிடையாது. நடுவில் கண்ணாடி, இரண்டு பக்கமும் பொத்தான். பொத்தானை அமுக்கினால் கண்ணாடிக்குள் மேலிருந்து பழம் பழமாக உதிரும். கீழே ஒரு கறுத்த குட்டி மனுசன் கூடையோடு இங்கும் அங்கும் ஓடி அதைப் பிடிக்க வேண்டும். மூன்று பழம் தரையில் விழுந்தால் அவன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுவான். எண்பத்து நாலாம் வருசத்தில் போடியில் காரும் பங்களாவும் வைத்திருந்த வீடுகளில்கூட அப்படி ஒரு சாமானைப் பார்த்தவர்கள் குறைவு. அது சிலமலையில், ஓட்டு வீட்டு மருமகள் ஒருத்தியின் மடியில் இருந்தது.

கொண்டுவந்து கொடுத்தவர் தேவாரத்துக் கண்ணுச்சாமி. மஸ்கட்டில் அவள் புருசன் திருப்பதியோடு ஒரே கொட்டகையில் படுத்து எழுந்தவர். லீவில் வந்தவர் வீடு தேடி வந்து, சேலை, கோடாலித் தைலம், சோப்பு என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கடைசியாகத் துண்டில் சுற்றி இருந்ததைப் பிரித்தார்.

"தங்கச்சி, மத்ததெல்லாம் ஒனக்கும் ஆத்தாவுக்கும். இது மட்டும் அவனுது. அங்க கொட்டகையில களவு சாஸ்தி. போன மாசம் ஒருத்தன் ரேடியோவ தலைமாட்டுல வச்சுப் படுத்தான், விடிஞ்சா தலை இருக்கு, ரேடியோவக் காணோம். அதான் எங்கிட்டக் குடுத்துவிட்டான். தான் வர்ற வரைக்கும் நீ பத்திரமா வச்சிருக்கணுமாம்."

"அவுக இதை வச்சு என்னண்ணே செய்வாக?"

"என்ன செய்வான், தட்டிக்கிட்டு இருப்பான். வேலை விட்டு வந்தா தூக்கம் வரணும்ல. சில பேரு குடிப்பான், சில பேரு அழுவான். ஒம் புருசன் இதைத் தட்டுவான்." கண்ணுச்சாமி சிரித்தார். பிறகு கண்ணாடியைக் காட்டினார். "ஆடாத நேரத்துல இதுல மணி தெரியும் பாரு. அது அந்த ஊரு மணி. நமக்கு ஒன்றரை மணி நேரம் பிந்தி ஓடும். மாத்திக்கிறச் சொன்னான். மாத்தித் தரவா?"

பொன்னுமணி பெட்டியை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். "இருக்கட்டும்ண்ணே," என்றாள்.

"எப்ப வருவானாம் எம் மகன்?" என்று கேட்டாள் மாமியார் ஒச்சம்மாள்.

"தையில வருவான் ஆத்தா. கம்பெனி விட்டா."

போன தைக்கும் இதே பேச்சுத்தான். கம்பெனி விடவில்லை.

அன்றைக்கு அவர் போனபிறகு பொன்னுமணி பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது. எண் தெரியும், காய் எடைபோடுகிற இடத்திலும் பஸ்சு நெற்றியிலும் பார்த்துப் பழகியது. இங்கே பொழுது சாய்ந்து விளக்கேற்றியாகிவிட்டது. கண்ணாடிக்குள் மணி ஐந்துதான். தன் வீட்டுக்காரர் இன்னும் வெயிலில் நிற்கிறார் என்று தோன்றியது. இத்தனை நாளும் மஸ்கட் என்பது ஒரு சொல். இப்போது அது ஒரு நேரமாகிவிட்டது. அந்த நேரம் அவள் உள்ளங்கையில் ஓடிக்கொண்டிருந்தது.

அதிலிருந்து அந்த வீட்டில் இரண்டு மணி. ஊர் மணிக்கு வேலை, மஸ்கட் மணிக்குச் சோறு. சாயங்காலம் ஒச்சம்மாள் அடுப்படியில் குத்த வைத்துக்கொண்டு கேட்பாள்.

"ஏத்தா, எம் மகன் இப்ப என்ன செய்வான்?"

பொன்னுமணி மடியைத் தொட்டு, பெட்டியை எடுத்துப் பார்ப்பாள். "இப்பத்தான் அத்தை வேலை விட்டு வண்டியில ஏறுவாக."

"அப்ப இன்னும் திங்கலை."

"எங்கிட்டுத் திங்க? இனித்தான் குளிச்சு, ஒலை வைக்கணும்."

"நாமளும் செத்த நேரம் பொறுத்துத் திம்போம்."

கம்பஞ்சோறும் கருவாட்டுக் குழம்பும் ஆறிப்போய்க் கிடக்கும். தெருவே சாப்பிட்டு முடித்துக் கட்டிலை வாசலுக்கு இழுத்துப் போடும் நேரத்தில் மாமியாரும் மருமகளும் கும்பாவில் கைவைப்பார்கள். வயிறு பசித்தாலும் அந்த ஒன்றரை மணி நேரம் அவர்களுக்குச் சுகமாகத்தான் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து திங்காவிட்டால் என்ன, கூடவே திங்கலாமே.

விளையாட்டை அவள் ஒரே ஒரு தடவைதான் ஆடிப் பார்த்தாள். அந்தக் கறுத்த மனுசன் கூடையோடு ஓடுவதைப் பார்த்தால் சாந்துச் சட்டியோடு சாரத்தில் ஓடுகிற ஆளைப் போலவே இருந்தது. மூன்றாவது பழம் விழுந்து அவன் தலையில் கைவைத்து உட்கார்ந்ததும் இவள் பெட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். அதன் பிறகு ஆடவில்லை.

பத்திரப்படுத்துவதுதான் பெரும் பாடு. முதலில் குலுக்கைக்குள், கம்புக்கு அடியில் புதைத்து வைத்தாள். எலி கடித்துவிடுமோ என்று மனசு அடித்துக்கொண்டது. பரணில் வைத்தாள். ஓடு ஒழுகியது. ஒச்சம்மாளுக்குக் கண் மங்கல். வீட்டைத் திறந்துபோட்டுவிட்டு வெயில் காயப் போய்விடுவாள். கடைசியில் பிளாஸ்டிக் தாளில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டு வேலைக்கே கொண்டுபோக ஆரம்பித்தாள். மடி அறியாத திருடன் உண்டா என்பார்கள். இருந்தாலும் மடியைவிட நல்ல இடம் அவளுக்குத் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தெருக்கோடி மருதாயி வீட்டில் ஓட்டைப் பிரித்து இறங்கிய எவனோ பித்தளைக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனான். மருதாயி மண்ணை வாரித் தூற்றினாள். இரண்டு வாரம் கழித்துப் போடியில் ஒரு பழைய பாத்திரக் கடையில் குடம் கிடைத்துவிட்டது. கழுத்தில் மருதாயி பேர் வெட்டி இருந்தது. கடைக்காரன் அதை எடுத்துக் கொடுத்துவிட்டான்.

"பேர் இருந்துச்சு, பொழைச்சுது," என்று ஊரே சொன்னது. "பேர் இல்லாத சாமான் பெத்தவன் இல்லாத பிள்ளை மாதிரி. கண்டவன் எடுப்பான்."

அது பொன்னுமணிக்கு மனசில் தைத்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை போடிக்குப் பஸ்சேறினாள்.

பாத்திரக் கடை வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்து பேர் வெட்டுகிறவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சின்ன உளியும் சுத்தியலும் முன்னால் கிடந்தன.

"இதுல சுத்தியல் போட்டா உள்ளுக்குள்ள ஒடைஞ்சிரும்த்தா. ஊசியை வச்சுக் கையாலயே கீறித் தர்றேன். என்ன பேரு?"

பொன்னுமணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"ஒம் பேரா?"

"எம் பேரு எதுக்குங்கய்யா? சாமான் அவுகளுது."

"அவுகன்னா?"

"வெளிநாட்டுல இருக்காகல்ல, அவுக."

"அது சரி. அவுகளுக்குப் பேரு வச்சிருப்பாங்கள்ல."

புருசன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசில் குறையும் என்பது அவள் தாய்வீட்டிலேயே பாடமாகி வந்தது. அதுவும் கடல் தாண்டி, சாரத்தில் நிற்கிறவர் பேர். அவள் தலையை ஆட்டினாள். அவருக்கு விளங்கிவிட்டது. இந்தச் சோலியில் தலை நரைத்தவர்.

"சாமி பேரா?"

"சாமி பேருன்னும் சொல்லலாம், ஊர்ப் பேருன்னும் சொல்லலாம்."

"பழனி."

"அது முருகன்ல. இது பெருமாளு. வடக்க, மொட்டை எடுக்கப் போவாகள்ல, ஏழு மலை ஏறி..."

"போதும் போதும், விளங்கிருச்சு. எத்தனை பொம்பளைக்கு வெட்டியிருக்கேன்." அவர் பெட்டியைக் கவிழ்த்துத் தொடையில் வைத்து, ஊசியால் அழுத்தி அழுத்திக் கீறினார். ஊதித் துடைத்து நீட்டினார். "வாசிச்சுக் காட்டவா?"

"வேணாங்கய்யா. கடைத்தெருவுல வச்சு அவுக பேரை ஏலம் போடணுமாக்கும்."

அவர் சிரித்துக்கொண்டே கொடுத்தார். பஸ்சில் வரும்போது அவள் அந்தக் கீறலை விரலால் தடவிக்கொண்டே வந்தாள். எழுத்து தெரியாவிட்டால் என்ன, விரலுக்கு அது அவருடைய பேர். வாயால் ஒரு நாளும் சொல்லாததை விரலால் நூறு தடவை சொன்னாள். அதற்கு ஆயுசு குறையாது என்று நினைத்துக்கொண்டாள்.

ஆவணியில் மலையில் சாரல் விடாமல் பிடித்துக்கொண்டது. ஏலக்காய் எடுப்பது குனிந்தே செய்கிற வேலை. செடி ஆள் உயரத்துக்கு நிற்கும். காயோ தூரில், தரையோடு படர்ந்த சரத்தில் இருக்கும். சாக்கை மடித்துத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு, சேற்றில் குத்த வைத்து, முற்றிய காயை மட்டும் நோகாமல் கிள்ளி இடுப்பில் கட்டிய பைக்குள் போட வேண்டும். பிஞ்சைக் கிள்ளினால் கங்காணி தங்கபாண்டியன் திட்டுவார். கிள்ளாமல் விட்டால் அதற்கும் திட்டுவார். திட்டுக்குச் சம்பளம் வாங்குகிற மனிதர்.

"வெரசா, வெரசா. மேகம் எறங்குது. பணி கழியாம ஒருத்தியும் ஜீப்புப் பக்கம் வரக்கூடாது," என்று வரிசைக்கு வரிசை சத்தம் போட்டுக்கொண்டு வந்தார். மலையாளத்துக்காரர்களோடு பழகிப் பழகி அவர் பேச்சில் முடிவதெல்லாம் 'கழியும்'.

அப்போதுதான் பொன்னுமணிக்கு இடுப்பில் சில்லென்று ஊர்ந்தது. அட்டை. மடிக்குள் பெட்டியை ஒட்டிக் கடித்துத் தொங்கியது. அவள் அவசரமாகப் பெட்டியை உருவிக் காய்ப்பைக்குள் போட்டாள், மடியை அவிழ்த்தாள், சுருக்குப்பையிலிருந்த சுண்ணாம்பைத் தடவினாள். அட்டை சுருண்டு விழுந்தது. ரத்தம் நிற்கவில்லை. புகையிலைத் தூளை வைத்து அமுக்கினாள்.

"அங்க என்ன அலங்காரம் நடக்குது?" என்றார் தங்கபாண்டியன்.

"அட்டைண்ணே."

"அட்டை என்ன ஒன்னைய மட்டுமா கடிக்குது? எனக்குந்தான் ரெண்டு தொங்குது. எடு, எடு."

அவள் மடியைச் சொருகிக்கொண்டு குனிந்தாள். கை காயைக் கிள்ளிப் பையில் போட்டது, போட்டது, போட்டுக்கொண்டே இருந்தது. பை நிறைந்ததும் எடைச் சாக்கில் கவிழ்த்தாள். கொட்டுகிற மழையில் எது விழுந்தது என்று யார் பார்த்தார்கள்? ஜீப்பில் ஏறி, போடிமெட்டுத் தாண்டி முதல் வளைவில் உடம்புகள் சரிந்தபோது, வழக்கம்போல இடுப்பில் கை வைத்தாள். வெறும் துணிதான் இருந்தது.

பயம் வந்தால் புத்தி பின்வாசல் வழியாகப் போய்விடும். அட்டையும் காய்ப்பையும் அவளுக்கு நினைவுக்கே வரவில்லை. பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த வீரலட்சுமிதான் கண்ணில் பட்டாள்.

"வீரு, வெளையாட்டுக்கு எடுத்திருந்தாக் குடுத்துரு தாயி."

"எதை மதினி?"

"தெரியாத மாதிரிக் கேக்காத. மடியில இருந்ததை."

வீரலட்சுமி எழுந்து, ஆடுகிற வண்டியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் தன் மடியை அவிழ்த்து உதறினாள். ஒரு வெற்றிலைக் காம்பும் ஒரு சோளக் கதிர்த் துண்டும் விழுந்தன.

"பாத்துக்கங்க மதினி. வேற எங்கயும் பாக்கணும்னாலும் பாத்துக்கங்க," என்றாள்.

பொன்னுமணிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. வார்த்தையை விட்டாச்சு, இனி அள்ள முடியுமா?

வீட்டில் ஒச்சம்மாள் அடுப்படியில் காத்திருந்தாள்.

"ஏத்தா, எம் மகன் இப்ப என்ன செய்வான்?"

பொன்னுமணி கதவோரத்தில் நின்றாள். தெருவில் ஆடுகள் பட்டிக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. கடைசி பஸ்சுக்கு முந்தின பஸ்சு இப்போதுதான் போனது. அதை வைத்து ஒன்றரை மணி நேரத்தைக் கழித்துப் பார்த்தாள். கண்ணாடி இல்லாமல் அந்தக் கணக்கு கையில் நிற்காமல் நழுவியது.

"இப்பத்தான் அத்தை, வண்டியில ஏறுவாக."

"அப்ப இன்னும் திங்கலை."

"இன்னும் திங்கலை அத்தை."

அன்றைக்கு அவர்கள் எப்போது சாப்பிட்டார்கள் என்று அவளுக்குத் தெரியாது. அவர் முன்னதாகத் தின்றிருப்பாரோ, பிந்தித் தின்றிருப்பாரோ. கைக்குள் இருந்த மஸ்கட் மறுபடியும் வெறும் சொல்லாகி, எங்கோ கடலுக்கு அப்பால் போய்விட்டது. 'என் சாமானையே காப்பாத்த முடியாதவ' என்று அவர் சொல்வதுபோல் காதில் கேட்டது. அவர் அப்படிச் சொல்கிற ஆளில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

மறுநாளும் அதற்கு மறுநாளும் அதே பொய். மூன்றாம் நாள் விடிகாலையில் தூக்குவாளியை எடுக்கும்போது ஒச்சம்மாள் கேட்டாள்.

"பெட்டி தொலைஞ்சுபோச்சாக்கும்?"

பொன்னுமணி தூக்குவாளியைக் கீழே வைத்தாள். "யாரு சொன்னா அத்தை?"

"யாரு சொல்லணும்? நீ மடியைத் தொடாமயே மணி சொல்ற. கண்ணுதான மங்கல்."

"பின்ன ஏன் அத்தை கேட்டுக்கிட்டே இருந்தீக?"

"நீ சொன்னா, கேக்கணும்போல இருந்துச்சு." கிழவி சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "போயித் தேடு. போ."

வாசலில் வீரலட்சுமி நின்றிருந்தாள். இரண்டு நாளாக வேறு ஜீப்பில் போனவள்.

"மதினி, மலையில காய் காயவைக்கிற ஸ்டோர்ல ஒரு பெட்டி கெடைச்சிருக்காம். காய் உணத்துறதுக்குத் தட்டுல பரப்பும்போது காயோட காயா வந்துச்சாம். இன்னும் செத்த நேரம் போயிருந்தா சூட்டுல வெந்திருக்கும்னான் ஸ்டோர்க்காரன். கங்காணி அதைக் கொண்டுபோயி மொதலாளிட்டக் குடுத்துட்டாராம். வாங்க, ஒரு எட்டு போயிட்டு வந்துருவோம்."

பொன்னுமணிக்கு அப்போதுதான் அட்டை நினைவுக்கு வந்தது. "வீரு, அன்னைக்கு நான்..."

"அதை அப்புறம் அழுதுக்கலாம். பஸ்சு போயிரும்."

முதலாளி ஐசக்கின் ஏலக்காய் மண்டி போடிக் கடைத்தெருவை ஒட்டிய சந்தில் இருந்தது. உள்ளே நுழையும்போதே வாசனை மூக்கைத் தூக்கும். காய்ந்த காய் மலைமாதிரிக் குவிந்து கிடக்க, பெண்கள் சுற்றி உட்கார்ந்து தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஐசக் வெள்ளை வேட்டியும் மூக்குக் கண்ணாடியுமாக மேசைக்குப் பின்னால் இருந்தார். தராசு முள் மாதிரி மனிதர். தன் காசு ஒன்றும் போகவும் கூடாது, அடுத்தவன் காசு ஒன்றும் வரவும் கூடாது.

"பெட்டியா? இருக்கு," என்றார். "ஆனா நேத்தே ஒருத்தன் வந்து தன்னுதுன்னான். பின்னாடி ஒரு பேர் கீறியிருக்கு, அது என்ன பேருன்னு கேட்டேன். ஜப்பான்னான். போயிட்டு வாடான்னு அனுப்பிட்டேன். ஒனக்கும் அதே கேள்விதாம்மா. என்ன பேரு?"

"எங்க வீட்டுல, அவுக பேரு மொதலாளி."

"அதைச் சொல்லு."

பொன்னுமணி தலையைக் குனிந்துகொண்டாள்.

"நாஞ் சொல்றேன் மொதலாளி," என்றாள் வீரலட்சுமி. "அந்த அண்ணன் பேரு எனக்குத் தெரியும்."

"நீ சும்மா இரும்மா. ஊருல யாருக்கும் யாரு பேரும் தெரியும். சாமான்காரிதான் சொல்லணும்."

தரம் பிரிக்கிற கைகளெல்லாம் நின்றுவிட்டன. பொன்னுமணி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். சொன்னால் ஆயுசு குறையுமே. சொல்லாவிட்டால் அவருடைய பெட்டி இந்த மேசையிலேயே கிடக்கும். அவர் வந்து கேட்டால் எந்த முகத்தோடு நிற்பது? மஸ்கட்டில் இருக்கிற எல்லாச் சாமியும் அவருக்குத் துணை என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டு, கண்ணை மூடிச் சொன்னாள்.

"திருப்பதி."

சொன்னதும் ஏலக்காயைக் கடித்த மாதிரி வாயெல்லாம் ஒரு குளிர்ச்சி. இத்தனை வருசம் உள்ளேயே வைத்திருந்த பேர் இவ்வளவு நல்லா இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

ஐசக் இழுப்பறையைத் திறந்து, பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார். முகத்தில் ஒரு வருத்தம் வந்தது.

"அந்தப் பேரு இதுல இல்லையேம்மா."

பேரும் போய், பெட்டியும் போயிற்று. சொல்லக்கூடாததைச் சபையில் சொல்லி, அதுவும் வீணாகிவிட்டது. கண்ணீர் அவள் கேட்காமலே இறங்கியது.

"கீறச் சொன்னது நாந்தான் மொதலாளி. என் கண்ணு முன்னாடிதான் கீறினாக."

"நீ பொய் சொல்றேன்னு சொல்லலை. இதுல இல்லைங்கிறேன். வேற ஏதும் அடையாளம் உண்டா?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"மணி பாருங்க. அது நம்ம மணி இல்ல, மஸ்கட் மணி. ஒன்றரை மணி நேரம் பிந்தி ஓடும். அதை நாங்க மாத்தலை."

பக்கத்தில் நின்ற கணக்குப்பிள்ளை எட்டிப் பெட்டியைப் பார்த்தார், பிறகு சுவர்க் கடியாரத்தைப் பார்த்தார். "பத்தரை. இது சரியாத்தான ஓடுது," என்றார்.

பொன்னுமணியும் பார்த்தாள். கண்ணாடிக்குள்ளும் பத்தரைதான். வீரலட்சுமியின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

ஐசக் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"சரியா ஓடுறது என் வேலை," என்றார். "கங்காணி கொண்டாந்து குடுத்தப்ப ஒன்றரை மணி பிந்தித்தான் இருந்துச்சு. தப்பா ஓடுற கடியாரத்தைப் பாத்தா எனக்குக் கை சும்மா இருக்காது. நான் சரி பண்ணினது இந்தக் கணக்குப்பிள்ளைக்குக்கூடத் தெரியாது. ஒனக்குத் தெரியுதுன்னா சாமான் ஒன்னுதுதான். இந்தா, பிடி."

அவள் இரண்டு கையாலும் வாங்கினாள்.

"ஆமா, இதுல ஏழுமலைன்னுல்ல கீறியிருக்கு. யாரு அது?"

வீரலட்சுமிக்குப் புரிய ஒரு நொடிதான் ஆனது. "மதினி, பேரு வெட்டுறவர்ட்டப் பேரைச் சொன்னீகளா, ஜாடை சொன்னீகளா?"

"ஏழு மலை ஏறின்னு... மொட்டை எடுக்கன்னு..."

வீரலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு காய்க் குவியலைச் சுற்றி இருந்தவர்களுக்கும் பரவியது. ஐசக்கே சிரித்துவிட்டார். "ஏழு மலையையும் ஏறினவ, கோயிலுக்குள்ள போகாமத் திரும்பியிருக்கியேம்மா," என்றார். பொன்னுமணியும் அழுதுகொண்டே சிரித்தாள். இத்தனை நாளும் தன் விரல் எவனோ ஒரு ஏழுமலையைத் தடவிக்கொண்டிருந்ததை நினைத்து வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அதை அழிச்சுட்டு சரியான பேரைக் கீறித் தரச் சொல்லவா?"

"வேணாம் மொதலாளி. அவுக வந்து பாத்துச் சிரிக்கட்டும்."

வாங்கியவள் போகவில்லை. பெட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அதைத் திரும்ப மேசைமேல் வைத்தாள்.

"இன்னும் என்னம்மா?"

"பழையபடி தப்பா வச்சுக் குடுங்க மொதலாளி."

ஐசக்கிற்கு விளங்கவில்லை. "சரியா ஓடுறதை எதுக்கும்மா தப்பா வைக்கணும்? ஆத்திர அவசரத்துக்கு மணி பாத்தா ஒனக்குப் பஸ்சு போயிருமே."

"பஸ்சுக்கு ஊருல மணி இருக்கு. எங்களுக்கு அவுக திங்கிற நேரம் தெரியணும். அத்தை மூணு நாளா எப்பத் திங்கிறதுன்னு தெரியாமத் திங்கிறாக."

ஐசக் பெட்டியை எடுத்தார். ஒரு குச்சி முனையால் மூலையில் இருந்த சின்னக் குழியை அமுக்கினார். கண்ணாடிக்குள் எண்கள் ஓடின. அவள் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்துக்க. ஒம்பது. போதுமா?"

"போதும் மொதலாளி."

"எவனாவது பாத்தா மணி தப்புன்னுதான் சொல்லுவான்."

பொன்னுமணி பெட்டியைத் தாளில் சுற்றி மடியில் வைத்து, இழுத்துச் சொருகி, மேலே கையை வைத்துக்கொண்டாள்.

"சொல்லட்டும் மொதலாளி. அவுக வந்து எறங்குற அன்னைக்கு, அவுக கையாலயே சரி பண்ணிக்கிறச் சொல்றேன்."